ரோம் மூன்றாக உடைந்த அந்த ஐம்பது ஆண்டுகள்

"ரோமானிய வரலாற்றில் எந்தக் காலம் மிகவும் சுவாரசியமானது? சீசர், கிளியோபாட்ரா, நீரோ, கிளாடியேட்டர் எல்லாம் சினிமாவிலேயே பார்த்தாயிற்று. அதைத் தாண்டி எதைப் படிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுவாரசியம் ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்தால் உங்கள் தேவை வேறு என்று தோன்றுகிறது. பலர் சொல்லித் தேய்ந்துபோன கதை வேண்டாம், உள்ளே போனால் நாமே கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டிய இடம் எது என்று கேட்கிறீர்கள். அப்படியென்றால் எனக்குத் தயக்கமே இல்லை. கி.பி. 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டுகளைப் படியுங்கள். ரோமப் பேரரசு செத்துப்போயிருக்க வேண்டிய காலம் அது. ஏன் சாகவில்லை என்பதுதான் என்னை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிடித்துவைத்திருக்கும் கேள்வி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் வரலாறு கற்பித்தவன், பயிற்சி பெற்றது நாணயவியலில். இலத்தீனை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிப்பேன். கிரேக்கமும் பழைய பாரசீக மொழிகளும் மொழிபெயர்ப்பு வழியாகத்தான். அதனால் காசுகளைப் பற்றி நான் சொல்வதைக் கையில் எடுத்துப் பார்த்தவன் சொல்வதாகவும், மற்றவற்றைப் பிற அறிஞர்களின் உழைப்பிலிருந்து கற்றுக்கொண்டவன் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக எல்லோரும் சொல்லும் பதில் குடியரசின் கடைசி நூற்றாண்டு, அதாவது கி.மு. 133-இல் திபேரியஸ் கிராக்கஸ் கொல்லப்பட்டதில் தொடங்கி அகஸ்டஸ் தனியாட்சியை நிறுவும் வரை. அது தவறான பதில் அல்ல. சிசரோ எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 900-க்கும் மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு மனிதர் காலையில் பயந்து மாலையில் தைரியம் பெற்று மறுநாள் மறுபடி தடுமாறுவதை நாள்வாரியாகப் பார்க்கலாம். பழைய உலகத்தில் வேறெந்தக் காலமும் நமக்கு இவ்வளவு நெருக்கத்தில் கிடைப்பதில்லை. முதன்முதலாக ரோம் பக்கம் வருகிறவர் அங்கே தொடங்கினால் நல்லதுதான். ஆனால் நீங்கள் அதைக் கடந்து வந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். மேலும் அந்தக் காலத்தில் நமக்கு வழிகாட்ட ஆள் அதிகம். சீசரே தன் போரைத் தானே எழுதிவைத்துவிட்டார். மூன்றாம் நூற்றாண்டில் வழிகாட்ட ஆளே இல்லை. காசியஸ் டியோவின் வரலாறு 229-இல் நின்றுவிடுகிறது, ஹெரோடியனுடையது 238-இல். அதற்கப்புறம் நடந்ததை அந்தந்த நேரத்தில் தொடர்ச்சியாக எழுதிய முழு நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை. நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட சுருக்கங்கள் உண்டு. 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற விசித்திரமான தொகுப்பும் உண்டு. ஆறு பேர் எழுதியதாக அது சொல்லிக்கொள்கிறது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஒரே ஆள் எழுதியது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அதில் வரும் கடிதங்கள் பலவும் கற்பனை, சில அரசர்களே கற்பனை. ஆக, இந்தக் காலத்தைப் படிக்கிறவர் கல்வெட்டு, பாப்பிரஸ் என்ற நாணல்தாளில் எழுதிய ஆவணம், காசு, இடிந்த சுவர் ஆகியவற்றிலிருந்துதான் கதையைக் கட்டியெழுப்ப வேண்டும்.

முதலில் எலும்புக்கூட்டைச் சொல்லிவிடுகிறேன். 235-இல் இன்றைய ஜெர்மனியின் மைன்ஸ் நகருக்கு அருகே அலெக்சாண்டர் செவெரஸ் என்ற இளம் பேரரசரையும் அவருடைய தாயையும் சொந்தப் படைவீரர்களே கொன்றார்கள். திரேஸ் பகுதியிலிருந்து வந்து படையிலேயே படிப்படியாக உயர்ந்த மாக்சிமினஸைப் பேரரசராக்கினார்கள். அவர் ஆட்சியில் இருந்தவரை ரோம் நகருக்குள் காலடி வைக்கவே இல்லை. 238 என்ற ஒரே ஆண்டில் ஆறு பேர் பேரரசர் பட்டத்தைத் தாங்கினார்கள். அந்த ஆண்டு முடியும்போது ஐந்து பேர் உயிரோடு இல்லை. மிஞ்சியவன் 13 வயதுப் பையன். 284 வரை பட்டியல் இப்படியே போகிறது. யாரை முறையான பேரரசராகக் கணக்கில் எடுப்பது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், எப்படி எண்ணினாலும் இருபதுக்குக் குறையாது. நோயில் இறந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியவர் கிட்டத்தட்ட ஒருவர்தான்: 270-இல் கொள்ளைநோய்க்குப் பலியான இரண்டாம் கிளாடியஸ். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். என் மாணவர்கள் அங்கேதான் சோர்ந்துபோவார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து பார்க்கச் சொல்வேன். அந்த ஆண்டு 260.

முதல் ஊர், தெற்கு ஜெர்மனியில் உள்ள அவுக்ஸ்புர்க். 1992-இல் அங்கே ஆற்றின் பழைய தடத்தில், சரளைக் கற்களுக்கு நடுவே ஒரு கல் பலிபீடம் கிடைத்தது. வெற்றித் தெய்வத்துக்கு எடுக்கப்பட்டது. அதன் இலத்தீன் வாசகத்தின் சாரம் இது: செம்னோனியர் அல்லது யூதுங்கர் எனப்படும் கூட்டத்தாரை ஏப்ரல் 24, 25 ஆகிய நாள்களில் வெட்டி வீழ்த்தி விரட்டினோம், ரீட்டியா மாகாணத்து வீரர்களும் ஜெர்மானிய எல்லைப் படையினரும் உள்ளூர் மக்களும் சேர்ந்து போரிட்டோம், ஆயிரக்கணக்கான இத்தாலியச் சிறைக்கைதிகளை மீட்டோம். இந்தக் கடைசிச் செய்தியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இத்தாலியர்கள் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே கைதிகளாக ஓட்டிச்செல்லப்பட்டார்கள் என்றால், கொள்ளைக் கூட்டம் இத்தாலிக்குள்ளேயே நுழைந்து, ஆட்களைப் பிடித்துக்கொண்டு, மலையைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று பொருள். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக இத்தாலியக் குடியானவர் கண்டிராத விஷயம் அது. அடுத்து, போரிட்டவர்கள் பட்டியலில் படையோடு சேர்த்து உள்ளூர் மக்களும் இருக்கிறார்கள். படை போதவில்லை, ஊர்க்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கல் கிடைக்கும் வரை இந்தச் சண்டை நடந்ததே யாருக்கும் தெரியாது. எந்த நூலிலும் ஒரு வரி கிடையாது.

இரண்டாம் ஊர் கிழக்கே எடெஸ்ஸா, இன்றைய துருக்கியின் உர்ஃபா. அதே ஆண்டு பேரரசர் வலேரியன் அங்கே பாரசீக அரசர் முதலாம் ஷாபூரிடம் உயிரோடு பிடிபட்டார். ரோமப் பேரரசர் ஒருவர் எதிரியிடம் சிறைப்பட்டது அதுவே முதல் முறை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் டெசியஸ் இன்றைய பல்கேரியாவில் கோத்தியரோடு நடந்த போரில் இறந்திருந்தார். வெளியெதிரியின் கையால் களத்தில் மாண்ட முதல் பேரரசர் அவர். அந்தக் காயமே ஆறாத நிலையில் இது. ஷாபூர் தன் வெற்றியை ஈரானின் நக்‌ஷ்-இ-ருஸ்தமில் பாறையில் சிற்பமாகச் செதுக்கினார். பக்கத்தில் ஒரு கல் கட்டடத்தின் சுவரில் மூன்று மொழிகளில் எழுதியும் வைத்தார். 70,000 பேர் கொண்ட படையோடு வலேரியன் வந்தார், அவரை என் கையாலேயே பிடித்தேன், மற்ற அதிகாரிகளையும் பிடித்துப் பாரசீகத்துக்குக் கொண்டுபோனேன் என்கிறது அது. சிற்பத்தில் குதிரைமேல் ஷாபூர், எதிரே மண்டியிட்ட ஒரு ரோமர், பக்கத்தில் ஷாபூர் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் இன்னொரு ரோமர். மண்டியிட்டவர்தான் வலேரியன் என்று முன்பு சொன்னார்கள். மணிக்கட்டைப் பிடித்திருப்பதுதான் சிறைப்பிடித்ததன் அடையாளம், மண்டியிட்டவர் பணம் கொடுத்துச் சமாதானம் வாங்கிய முந்தைய பேரரசர் பிலிப் என்று இப்போது பெரும்பாலோர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

பிடிபட்டது உறுதி. எப்படிப் பிடிபட்டார் என்பதில் சண்டை உண்டு. பாரசீகக் கல்வெட்டு போரில் பிடித்ததாகச் சொல்கிறது. ரோமானியப் பக்கம் எழுதிய ஜோசிமஸ், பேச்சுவார்த்தைக்கு அழைத்து வஞ்சகமாகப் பிடித்தார்கள் என்கிறார். இருவருக்கும் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஷாபூர் குதிரை ஏறும்போதெல்லாம் வலேரியன் முதுகில் காலை வைத்து ஏறினார், இறந்ததும் தோலை உரித்துக் கோயிலில் தொங்கவிட்டார் என்ற கதையை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அதைச் சொல்பவர் லாக்டான்டியஸ் என்ற கிறித்தவ எழுத்தாளர். கிறித்தவர்களைக் கொடுமைப்படுத்திய அரசர்கள் எல்லோரும் கேவலமாகச் செத்தார்கள் என்று காட்டுவதற்காகவே ஒரு நூல் எழுதியவர். வலேரியன் அப்படிக் கொடுமைப்படுத்தியவர்களில் ஒருவர். ஆகவே அந்தக் கதையை நான் வகுப்பில் சொல்வேன், ஆனால் நடந்த செய்தியாகச் சொல்லமாட்டேன்.

மூன்றாம் ஊர் ரைன் நதிக்கரையில் கொலோன். வலேரியனின் மகன் கல்லியெனஸ் ஒரே நேரத்தில் எல்லா எல்லைகளுக்கும் ஓட முடியாமல் திணறியபோது, போஸ்டுமஸ் என்ற படைத்தலைவர் அங்கே தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), பிரிட்டன், ஸ்பெயின் எல்லாம் அவர் பக்கம் போயின. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர் ரோமை நோக்கிப் படையெடுக்கவே இல்லை என்பதுதான். அதுவரை பட்டத்துக்கு ஆசைப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரோமைக் கைப்பற்றத்தான் பார்த்தார்கள். இவர் தன் எல்லையைக் காத்துக்கொண்டு, தனக்கென்று கான்சல்களை (ஆண்டுதோறும் மாறும் உயர் பதவியாளர்கள், அவர்கள் பெயரால்தான் ரோமர் ஆண்டைக் குறிப்பார்கள்) நியமித்துக்கொண்டு, தரமான தங்கக் காசும் அடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தார். எனக்குத் தோன்றுவது இது: பேரரசர் நம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ரைன் கரை மக்கள் கேட்டார்கள், ரோம் அதைத் தர முடியவில்லை, அவர்களே ஒருவரைச் செய்துகொண்டார்கள். தனி நாடு கேட்டார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அவருடைய காசுகளில் ரோமானியத் தெய்வங்களும் ரோமானியப் பட்டங்களும்தான் இருக்கின்றன.

நான்காம் ஊர் எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ். 260 நவம்பர் 24 தேதியிட்ட ஒரு பாப்பிரஸ் அங்கே கிடைத்திருக்கிறது. மாவட்ட அதிகாரியின் உத்தரவு அது. நாணய மாற்றுக் கடைக்காரர்கள் பேரரசர்களின் புனிதக் காசை வாங்க மறுத்துக் கடையை மூடிவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது. எல்லோரும் கடையைத் திறக்க வேண்டும், அப்பட்டமான கள்ளக் காசைத் தவிர மற்ற எல்லாக் காசையும் வாங்க வேண்டும். மீறினால் ஏற்கெனவே அறிவித்த தண்டனை உண்டு. இதைக் காட்டி, காசில் வெள்ளி குறைந்ததால் மக்கள் நம்பிக்கை இழந்தார்கள் என்று நானே பல ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. அந்த நேரத்தில் எகிப்து ஏற்றுக்கொண்டிருந்தது மாக்ரியானஸ், குயேட்டஸ் என்ற இரண்டு புதிய ஆட்களை. அடுத்த ஆண்டே அவர்கள் ஒழிந்தார்கள். நாளைக்குச் செல்லாமல் போகக்கூடிய முகம் பதித்த காசை வாங்கக் கடைக்காரர் தயங்கியிருக்கலாம். உலோகத்தின் மேல் சந்தேகமா, முகத்தின் மேல் சந்தேகமா என்பதை அந்த ஓலை சொல்லவில்லை.

காசு பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் என் மேசையில் இருக்கும் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். கல்லியெனஸின் கடைசி ஆண்டுகளில் ரோம் அக்கசாலையில் அடித்தது. நம் பழைய நாலணாவைவிடச் சற்றுப் பெரியது. தலைப்பக்கத்தில் பேரரசர், தலையில் கதிர்முடி. அந்தக் கதிர்முடியை வைத்துத்தான் இந்தக் காசு வகையை அடையாளம் காண்கிறோம். 215-இல் காரகல்லா இதைப் புதிதாகக் கொண்டுவந்தார். இரண்டு தெனாரியஸ் (அதுவரை புழங்கிய வழக்கமான வெள்ளிக் காசு) மதிப்புக்கு விட்டார் என்றுதான் பொதுவாகக் கருதுகிறோம், உள்ளே இருந்ததோ ஏறத்தாழ ஒன்றரை தெனாரியஸ் வெள்ளி. ஐம்பது ஆண்டுக்குள் வெள்ளி நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. என் காசின் ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் செம்பின் பழுப்பு நிறம் அப்படியே தெரிகிறது. காது மடலுக்குப் பின்னால், கை படாத பள்ளத்தில் மட்டும் வெள்ளிப் பூச்சு ஒரு பொட்டு மின்னுகிறது. அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, எழுத்தில் பாதி வெளியே போய்விட்டது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடித்துத் தள்ளியிருப்பார்கள் என்று அந்த அவசரமே சொல்கிறது. மறுபக்கம் ஒரு மான். சுற்றிலும், 'பேரரசரைக் காக்கும் டயானாவுக்கு' என்று எழுத்து. அந்த வரிசையில் அப்பொல்லோ, நெப்டியூன், சூரியன் என்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு விலங்கு உண்டு. எல்லா வாசலிலும் ஆபத்து நிற்கும்போது எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில், 268-இல், மிலான் நகருக்கு வெளியே கல்லியெனஸைச் சொந்த அதிகாரிகளே கொன்றார்கள்.

காசில் வெள்ளி குறைந்தது, அதனால் விலைவாசி வெடித்தது, அதனால் பேரரசு சரிந்தது என்று பலரும் நேர்க்கோடு போட்டு எழுதுகிறார்கள். வெள்ளி குறைந்தது சோதித்துப் பார்த்த உண்மை. விலைவாசி விஷயத்தில் எகிப்தின் பாப்பிரஸ் கணக்குகள் வேறு கதை சொல்கின்றன. வெள்ளி இறங்கிக்கொண்டே இருந்த ஆண்டுகளில் அங்கே விலைகள் ஓரளவு நிலையாகவே இருந்தன. பெரிய தாவல் வந்தது 274, 275 வாக்கில், ஆரேலியன் காசைச் சீர்திருத்தியதை ஒட்டி. அதாவது மருந்து கொடுத்த பிறகுதான் காய்ச்சல் ஏறியது. எகிப்துக்குத் தனிக் காசு முறை இருந்தது, அதை வைத்து மற்ற மாகாணங்களை அப்படியே அளக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் பக்கத்தோடு இதற்கு ஒரு தொடர்பு உண்டு, சின்னதுதான். வெள்ளலூர், பொள்ளாச்சி போன்ற கொங்குப் பகுதி ஊர்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. 64-இல் நீரோ காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசு இங்கே குறைவு. உலோகத்தின் தரத்தைப் பார்த்து வாங்கும் வணிகர்கள் பழைய காசையே கேட்டிருப்பார்கள் என்ற விளக்கம் நியாயமானதுதான். நான் சொல்லும் மூன்றாம் நூற்றாண்டுக் காசு இங்கே அரிதிலும் அரிது. அப்புறம் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் பொடிச் செப்புக் காசுகள் கரூர் அமராவதி மணலிலும் மதுரையிலும் இலங்கையிலும் நிறையக் கிடைக்கின்றன. நடுவில் ஓர் இடைவெளி. நான் விவரித்துக்கொண்டிருக்கும் குழப்பம் அந்த இடைவெளியில் விழுகிறது. கடல் வணிகம் அப்போது முழுக்க நின்றுபோனது என்று காசை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. துணியும் மிளகும் காசில்லாமலும் கைமாறியிருக்கும்.

சரி, அரசர்களையும் காசுகளையும் விட்டு ஒரு சாதாரண மனிதருக்கு வருவோம். 250 ஜூன் 26. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் ஒரு கிராமம். சதாபோஸ் மகன் ஆரேலியஸ் டயோஜெனஸ், வயது 72, வலது புருவத்தில் ஒரு தழும்பு. அவர் கிராமத்துப் பலிக் குழுவிடம் ஒரு மனு கொடுக்கிறார்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில், ஆணைப்படி, பலியிட்டேன், பானம் வார்த்தேன், படையலை உண்டேன், இதற்குச் சான்று தர வேண்டுகிறேன். கீழே சாட்சிக் கையெழுத்து. பேரரசர் டெசியஸ் எல்லாக் குடிமக்களும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். அதற்கான ரசீது இது. இதைப் போல 40-க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. 'ஆரேலியஸ்' என்ற முன்பெயரைக் கவனியுங்கள். 212-இல் காரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தபோது கோடிக்கணக்கானோர் அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, அந்தக் கிராமத்துக் கிழவர் சட்டப்படி ரோமர். ரோமராக இருப்பதால்தான் ரசீதும் தேவைப்பட்டது.

இந்த ஆணை கிறித்தவர்களைக் குறிவைத்தது என்று அன்றைய கிறித்தவர்கள் நம்பினார்கள், அவர்கள் பட்ட துன்பம் உண்மை. ஆனால் ஆணையின் மூல வாசகம் நமக்குக் கிடைக்கவில்லை. மிஞ்சிய ரசீதுகளில் கிறித்தவர் என்ற சொல்லே இல்லை. முதலைத் தெய்வமான பெதெசூகோஸின் பெண் பூசாரி ஒருவர்கூட ரசீது வாங்கியிருக்கிறார். தெய்வத்துக்குப் பூசை செய்கிறவரிடமே பூசை செய்ததற்குச் சான்று கேட்கிறது அரசு. என் கணிப்பில் டெசியஸ் விரும்பியது, இவ்வளவு பெரிய நாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே செயலைச் செய்யவேண்டும் என்பது. இரண்டு ஆண்டுக்கு முன்தான், 248-இல், ரோம் தன் ஆயிரமாவது ஆண்டைச் சிங்கம், நீர்யானை எல்லாம் காட்டிப் பெரிய விழாவாகக் கொண்டாடியிருந்தது. அந்தப் பெருமை வற்றுவதற்குள் எல்லைகள் கிழியத் தொடங்கின. கொள்ளைநோயும் பரவியது. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் அதன் அறிகுறிகளை எழுதிவைத்திருக்கிறார்: நிற்காத வயிற்றுப்போக்கு, வாந்தி, இரத்தம் பாய்ந்த கண்கள், அழுகும் கைகால்கள். பெரியம்மை, தட்டம்மை, இரத்தப்போக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். எலும்பிலிருந்தோ பல்லிலிருந்தோ கிருமியின் தடயம் உறுதியாகாதவரை அவை எல்லாம் ஊகம்தான்.

கிழக்கே பல்மைராவின் கதை தனிக் கட்டுரைக்குரியது, சுருக்கிச் சொல்கிறேன். வலேரியன் பிடிபட்ட பிறகு ஷாபூரைத் திருப்பி விரட்டியது அந்தப் பாலைவன வணிக நகரத்தின் தலைவர் ஒடெனாதஸ். அவர் கொலையுண்டதும் மனைவி செனோபியா, சின்னப் பையனான மகன் வபல்லாதஸ் பெயரில் ஆண்டார். 270-இல் எகிப்தையும் பிடித்தார். அப்போது அடித்த காசுகளில் ஒரு பக்கம் ரோமின் பேரரசர் ஆரேலியன், மறுபக்கம் வபல்லாதஸ். கலகம் செய்கிறோம் என்று சொல்லாமலேயே கலகம் செய்த காசு அது. 272-இல் ஆரேலியன் படையோடு வரும்போதுதான் பையனுக்கு முழுப் பேரரசர் பட்டம் காசில் ஏறுகிறது. வழியடைத்த பிறகே துணிந்திருக்கிறார்கள் என்று காசு வரிசை காட்டுகிறது. செனோபியா தோற்றதும் பிடிபட்டதும் உறுதி. அதற்கப்புறம் தங்கச் சங்கிலியோடு ரோமின் வெற்றி ஊர்வலத்தில் நடந்தார், திவோலியில் மாளிகை கொடுத்து வாழவைத்தார்கள் என்கிறது ஹிஸ்டோரியா அகஸ்டா. ஜோசிமஸ், வழியிலேயே இறந்துபோனதாக எழுதுகிறார். ஓவியர்கள் சங்கிலியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

ஆரேலியனை நான் இன்னும் கொஞ்சம் கவனிக்கச் சொல்வேன். ஐந்தே ஆண்டு ஆட்சி. 272-இல் கிழக்கு, 274-இல் போஸ்டுமஸின் வாரிசுகளிடமிருந்து மேற்கு, இரண்டையும் திரும்ப ஒட்டவைத்தார். டான்யூப் நதிக்கு வடக்கே இருந்த டேசியாவைக் காக்க முடியாது என்று கணக்குப் பார்த்து விட்டுவந்தார். 271-இல் ரோம் நகரைச் சுற்றி மதில் எழுப்பத் தொடங்கினார். சுமார் 19 கி.மீ. நீளம், இன்றும் பெரும்பகுதி நிற்கிறது. பல நூற்றாண்டாக ரோமுக்குப் புது மதில் தேவைப்படவே இல்லை. எதிரி அவ்வளவு தூரம் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. மதிலை உற்றுப் பார்த்தால் அவசரம் தெரியும். வழியில் இருந்ததை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது: ஒரு செல்வந்தரின் பிரமிடுக் கல்லறை, நீர்க்கால்வாயின் வளைவுகள், ஒரு சிறிய அரங்கம். வேறு இடிபாடுகளில் எடுத்த செங்கல். 275-இல் இவரையும் சொந்த அதிகாரிகள் கொன்றார்கள். தண்டனைக்கு பயந்த ஓர் எழுத்தர், இவர்களை எல்லாம் அரசர் கொல்லப்போகிறார் என்று பொய்ப் பட்டியல் தயாரித்துக் காட்டினாராம். கதை பல நூல்களில் வருவதால் அடிப்படையில் ஏதோ உண்மை இருக்கலாம்.

இதையெல்லாம் சேர்த்து 'மூன்றாம் நூற்றாண்டின் நெருக்கடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் நெருக்கடியா என்றால், இல்லை. துனிசியாவின் எல் ஜெம்மில் நிற்கும் பிரம்மாண்ட அரங்கம் இந்த நூற்றாண்டின் கட்டடம்தான். வட ஆப்பிரிக்காவின் எண்ணெயும் தானியமும் ஓடிக்கொண்டே இருந்தன. ஆக்ஸிரிங்கஸ் விவசாயி குத்தகைப் பத்திரம் எழுதிக்கொண்டே இருந்தார், பத்திரத்தின் மேலே அரசர் பெயரை மட்டும் அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. ரைன், டான்யூப், யூஃப்ரடீஸ் கரையில் வாழ்ந்தவருக்கு அது உலகம் முடிந்த காலம்.

அது ஏன் முழுதாக முடியவில்லை? என் பதில் இது, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. உடைந்து போனவர்கள் எல்லோரும் ரோமராகவே இருக்க விரும்பினார்கள். போஸ்டுமஸும் வபல்லாதஸும் ரோமானியப் பட்டத்தைத்தான் சூடினார்கள். அதனால் திரும்ப ஒட்டுவது சாத்தியமாயிற்று. ஒட்டியவர்களோ செனட் குடும்பத்தார் அல்லர், டான்யூப், பால்கன் பகுதிகளின் எளிய குடும்பங்களிலிருந்து படையில் சேர்ந்து உயர்ந்தவர்கள். கிளாடியஸ், ஆரேலியன், புரோபஸ், கடைசியில் டயோக்ளீஷியன். கல்லியெனஸ் செனட்டர்களைப் படைத்தலைமையிலிருந்து விலக்கியதாக ஒரு பிற்கால நூல் சொல்கிறது. அப்படி ஓர் ஆணை போட்டாரா என்பது விவாதத்துக்குரியது, ஆனால் அவருக்குப் பிறகு கல்வெட்டுகளில் செனட்டர் படைத்தலைவர்கள் மறைந்துபோகிறார்கள் என்பது கண்ணெதிரே இருக்கிறது.

கடைசிக் காட்சி 284 நவம்பரில். பாரசீகப் போரிலிருந்து திரும்பும் படை. இளம் பேரரசர் நுமேரியனுக்குக் கண் வலி என்று சொல்லி மூடிய பல்லக்கில் தூக்கி வருகிறார்கள். நாள்கள் போகின்றன. நாற்றம் வந்த பிறகுதான் உள்ளே இருப்பது பிணம் என்று தெரிகிறது. நிகொமீடியாவுக்கு அருகே படை கூடி டயோக்ளீஷியனைத் தேர்ந்தெடுக்க, அவர் எல்லோர் முன்னாலும் வாளை உருவி, கொலைக்குக் காரணம் இவர்தான் என்று நுமேரியனின் மாமனாரான அபெரை அங்கேயே குத்திக் கொன்றார். விசாரணை கிடையாது, அபெர் வாய் திறக்க வாய்ப்பும் கிடையாது. யாருக்குப் பேச்சு வெளிவராமல் இருப்பது வசதியாக இருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 21 ஆண்டு கழித்து அதே டயோக்ளீஷியன் தானாகவே பதவியை விட்டு இறங்கினார்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். அவுக்ஸ்புர்க் பலிபீடத்தின் படம் இணையத்தில் கிடைக்கும், முதலில் அதைப் பாருங்கள். மேலே நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்தக் கல்லில் ஆண்டைக் குறிக்க எழுதப்பட்டிருந்த பெயர் ரோமின் கல்லியெனஸுடையது அல்ல, கொலோனில் இருந்த போஸ்டுமஸுடையது. சண்டை முடிந்து சில மாதங்களில் ஊர் பக்கம் மாறியிருக்கிறது. பிறகு அவுக்ஸ்புர்க் மீண்டும் ரோம் வசம் வந்தபோது, யாரோ உளியை எடுத்து அந்தப் பெயரையும் உள்ளூர் ஆளுநர் பெயரையும் கொத்தி எடுத்திருக்கிறார். முழுதாக எடுக்கவில்லை. உளித் தடத்துக்கு அடியில் எழுத்துகள் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. மீட்கப்பட்ட கைதிகளைப் பற்றிய வரியை அவர் தொடவில்லை.